பியாஜேயின் ‘கன்சர்வேஷன்’: ‘அளவு மாறாமை’ என்று வழங்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

குழந்தையின் சிந்தனை வளர்ச்சி குறித்துச் சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே முன்வைத்த ‘கன்சர்வேஷன்’ என்னும் கருத்துக்குப் ‘பாதுகாப்பு’, ‘அழிவின்மை’ என இரண்டு சொற்கள் நம் சொற்பட்டியலுக்குப் பரிந்துரைக்கப்பட்டுள்ளன. காரைக்குடியில் கல்வியியல் மாணவர்களுக்கு இப்பாடத்தை நடத்தி வருகிற எனக்கு இரண்டிலுமே உடன்பாடில்லை. ‘பாதுகாப்பு’ என்று கரும்பலகையில் எழுதியதும் மாணவர்களின் நினைவு காட்டுக்கும் கண்மாய்க்கும் போய்விடுகிறது. ‘அழிவின்மை’ இயற்பியலுக்குப் பொருந்தும்; அங்கே அது இயற்கையின் விதி. இங்கோ, உருவம் மாறினாலும் அளவு மாறவில்லை என்பது குழந்தைக்குத் தெளிந்திருக்கிறதா என்பதே கேள்வி.

சென்ற மாதம் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் தேன்குழலுக்குப் பிசைந்த மாவிலிருந்து ஒரே அளவில் இரண்டு உருண்டைகள் பிடித்து, 5 வயதுப் பேத்தியிடம் காட்டினேன். இரண்டும் சமம் என்றாள். அவள் கண்முன்னே ஒன்றை நீளமாகத் திரித்துவிட்டுக் கேட்டதும், “இதுலதான் ஐயா நெறைய இருக்கு” என்று நீண்டதைத் தொட்டாள். மறுபடி உருட்டினால் சமம். மறுபடி திரித்தால் அதிகம். பக்கத்தில் இருந்த 9 வயதுப் பேரனுக்குப் பொறுக்கவில்லை. “எடுக்கவும் இல்ல, சேக்கவும் இல்ல. நீளமானாலும் மெலிசாயிருச்சு. திரும்ப உருட்டுனா அதே உருண்டைதான. ஒண்ணும் மாறலயே!” என்றான். கூட்டல் கழித்தல் இன்மை, ஒன்றை ஒன்று ஈடுசெய்தல், மீட்கத்தக்க தன்மை எனப் பியாஜே பிரித்துக் காட்டிய மூன்று காரணங்களும் அந்த ஒரே மூச்சில் வந்துவிட்டன. பியாஜே வகுத்த வளர்ச்சிக் கட்டங்களில், தோற்றத்தை வைத்தே முடிவு செய்யும் முன்செயல் கட்டத்துக்கும் (2–7 வயது), கண்முன் உள்ள பொருள்களைப் பற்றி முறையாகச் சிந்திக்கும் பருப்பொருள் செயல் கட்டத்துக்கும் (7–11) இடையிலான தூரத்தை இதைவிடத் தெளிவாக நான் வகுப்பில் விளக்கியதில்லை.

அவன் வாயில் இயல்பாக வந்த ‘மாறல’ என்பதிலிருந்தே ‘அளவு மாறாமை’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். இயற்பியலிலும் ‘ஆற்றல் மாறா விதி’ என்ற வழக்கு உண்டு என்பதால் இது புதிதாகத் தோன்றாது. முன்னொட்டை மாற்றினால் வகைகளும் கிடைத்துவிடும். பியாஜேயின் கணக்குப்படி பொருளளவு மாறாமை ஏறத்தாழ 7, 8 வயதிலும், எடை மாறாமை 9, 10 வயதிலும், கனஅளவு மாறாமை 11, 12 வயதிலும் தெளிகின்றன. வரிசையாக வரும் இவற்றை ஒரே வேர்ச்சொல் இணைத்துக் காட்டுவது மாணவர்களுக்குப் பேருதவி.

‘அளவு மாறாமைத் திறன்’ என நீட்ட வேண்டாம் என்பது என் வேண்டுகோள். 1970களில் உளவியலாளர்கள் மெக்காரிகிளும் டொனால்ட்சனும் நடத்திய ஆய்வில், சம எண்ணிக்கையில் வில்லைகளை அடுக்கிய இரண்டு வரிசைகளில் ஒன்றைப் பெரியவர் கலைக்காமல் குறும்புக் கரடி பொம்மை ஒன்று வந்து கலைத்தபோது, எண்ணிக்கை மாறவில்லை என்று சரியாக விடை சொன்ன சிறு குழந்தைகள் மிகுதி. கேட்கும் விதம் விடையை மாற்றும்போது, தவறாகச் சொன்ன குழந்தையைத் ‘திறன் இல்லாதது’ என்று குறிப்பது நியாயமன்று. ‘அளவு மாறாமைத் தெளிவு’ என்பது போதும்.

ஒரு தடை உண்டு. தொலைவில் வரும் பேருந்து கண்ணுக்குச் சிறிதாகத் தெரிந்தும் அதன் பருமனை நாம் குறைத்து எண்ணாததையும் உளவியலார் சிலர் ‘மாறாமை’ என்றே எழுதுகிறார்கள். அது புலன்காட்சியைச் சார்ந்தது. அதற்குக் ‘காட்சி நிலைப்பு’ என்று தனிச்சொல் கொடுத்து, இரண்டையும் அடுத்தடுத்த பதிவுகளாகச் சொற்பட்டியலில் சேர்க்கலாமா என்று கருத்துச் சொல்லுங்கள்.