மெரினாவில் எச்சரிக்கைப் பலகை: மாற்றினால் கேட்பார்களா?

அடையாறு ஆந்தை:
'ஆபத்தான பகுதி, குளிக்காதீர்கள்' பலகையின் மேலேயே சட்டையைத் தொங்கவிட்டு மெரினாவில் இறங்குகிறார்கள். முதன்முறை கடல் பார்க்கிறவர் பலகையையா பார்ப்பார்? பலகையை மாற்றுகிற பணத்தில் இன்னும் நாலு உயிர்காப்பாளரைப் போடலாம் என்பது என் கட்சி.

கோடும் நிறமும்:
வெறும் அதட்டல் போலீஸ்காரர் மாதிரி, அவர் தலை மறைந்ததும் முடிந்தது. காரணத்தைக் காட்ட வேண்டும். அலை உடையாமல் அமைதியாகத் தெரிகிற இடைவெளியில்தான் பெரும்பாலும் தண்ணீர் உள்ளே இழுக்கும். புதிதாக வருகிறவர் பிள்ளையோடு சரியாக அங்கேதான் போய் நிற்பார். அதைப் படமாகப் போட்டு, இழுத்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தச் சொல்லி அம்புக்குறியும் போட்டால், தமிழோ இந்தியோ படிக்கத் தெரிய வேண்டியதில்லை.

காசிமேட்டுக்காரன்:
தம்பி, இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்? முழங்கால் தண்ணீரில்தான் நிற்பான். அலை திரும்பும்போது காலடி மணல் அரித்துப்போகும். சரிவு வேறு செங்குத்து, நாலு எட்டில் தலைக்கு மேல் தண்ணீர். உங்கள் அம்புக்குறியைப் பார்த்துவிட்டு 'தப்பிக்க வழி தெரியுமே' என்று இன்னும் உள்ளே போவான்.

அடையாறு ஆந்தை:
அதேதான். பலகை வேண்டுமென்றால் இங்கே இத்தனை பேர் மூழ்கினார்கள் என்று எழுதுங்கள், பயம் வரட்டும்.

கோடும் நிறமும்:
அது திருப்பி அடிக்கலாம் சார். அரிசோனாவில் நம் திருவக்கரை போலக் கல்மரங்கள், அதாவது கல்லாகிப்போன பழங்கால மரங்கள், கிடக்கிற தேசியப் பூங்கா ஒன்று உண்டு. 'முன்பு வந்த பலர் துண்டுகளை எடுத்துப் போய்விட்டார்கள்' என்று உளவியலாளர் ராபர்ட் சியால்டினி குழு பலகை வைத்தபோது, பாதையில் குறியிட்டுப் போட்டிருந்த துண்டுகளில் சுமார் 8 சதவீதம் திருடு போயின. 'எடுக்காதீர்கள்' என்று மட்டும் கேட்டபோது 2 சதவீதத்துக்கும் குறைவு. பலர் செய்கிறார்கள் என்றாலே நாமும் செய்யலாம் என்று தோன்றிவிடுகிறது.

அடையாறு ஆந்தை:
அப்படியென்றால் 'குளிக்காதீர்கள்' என்ற பழைய பலகையே போதும் என்றல்லவா உங்கள் அரிசோனா சொல்கிறது?

கோடும் நிறமும்:
அங்கே கல்லை எடுக்காவிட்டாலும் பூங்காவைப் பார்த்த திருப்தி உண்டு. இங்கே கடலுக்கு வந்தவரைக் காலே நனைக்காதே என்கிறோம். எங்கே நனைக்கலாம் என்றும் சொல்ல வேண்டாமா? ஆஸ்திரேலியாவில் சிவப்பு-மஞ்சள் கொடி இரண்டு நட்டு, நடுவில் மட்டும் இறங்கச் சொல்கிறார்கள்.

காசிமேட்டுக்காரன்:
மெரினாவில் அப்படி நட இடமே கிடையாது. கோவளத்தில் வேண்டுமானால் பாருங்கள், 2021-ல் சுத்தத்துக்கும் பாதுகாப்புக்கும் தருகிற 'நீலக்கொடி' என்ற சர்வதேசச் சான்று வாங்கிய கடற்கரை. ஆனால் நீங்கள் சொல்கிற சிவப்பு-மஞ்சள் கொடிக்குப் பக்கத்தில் விசிலோடு ஆள் நிற்கணும், ஆள் கிளம்பும்போது கொடியையும் பிடுங்கிக்கொண்டு போகணும். சாயங்காலம் ஆளில்லாமல் கொடி மட்டும் நின்றால், அதை நம்பியே இறங்குவான்.

அடையாறு ஆந்தை:
ஆக, ஆள்தான் வேண்டும். இதைத்தானே முதலிலேயே சொன்னேன்?