செமஸ்டர் ப்ராஜெக்ட்: ஆப் ஏன் லோக்கல்ஹோஸ்ட்டை எட்டவில்லை?

கேள்வி:
ஆப் டெவலப்மென்ட் பாடத்துக்கான ப்ராஜெக்ட். சர்வர் லேப்டாப்பில் 8080 போர்ட்டில் ஓடுகிறது, பிரவுசரில் நன்றாகத் திறக்கிறது. ஆண்ட்ராய்டு ஆப்பிலிருந்து லோக்கல்ஹோஸ்ட்:8080 என்று அழைத்தால் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு'. எமுலேட்டர் (லேப்டாப்பில் ஓடும் மாதிரி போன்), நிஜ போன் இரண்டிலும் இதேதான். என்ன செய்வது?

பதில் 1:
லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தந்தக் கருவி தன்னையே குறிப்பது. எமுலேட்டர் தனக்குள்ளேயே 8080-ஐத் தேடி ஏமாறுகிறது. அங்கே 10.0.2.2 போடுங்கள், லேப்டாப்புக்கு வழி அதுதான். நிஜ போனில் இது செல்லாது. ஒரே வைஃபையில் சேர்ந்து லேப்டாப்பின் ஐபி முகவரியைக் கொடுங்கள். சர்வர் 127.0.0.1-இல், அதாவது லேப்டாப்பின் லோக்கல்ஹோஸ்ட்டில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் போனின் அழைப்பு அதை எட்டாது, 0.0.0.0 (எல்லா நெட்வொர்க் முகவரிகளிலும் கேட்பது) என்று மாற்றுங்கள். லேப்டாப்பின் ஃபயர்வால் அழைப்பைத் தடுக்கிறதா என்றும் பாருங்கள்.

பதில் 2:
முகவரி சரியானதும் 'க்ளியர்டெக்ஸ்ட்' (மறையாக்கம் இல்லாத தொடர்பு) என்று அடுத்த எரர் வரலாம். டார்கெட் ஏபிஐ (ஆப் குறிவைக்கும் ஆண்ட்ராய்டு பதிப்பின் எண்) 28 முதல் வெறும் எச்டிடிபிக்கு இயல்பிலேயே தடை. மொத்தமாகத் திறந்துவிடாதீர்கள், தயவுசெய்து! நெட்வொர்க் செக்யூரிட்டி கான்ஃபிக் கோப்பில் அந்த ஒரு முகவரிக்கு மட்டும் விலக்கு போதும். மேனிஃபெஸ்ட்டில் (ஆப்பின் அனுமதிகளை அறிவிக்கும் கோப்பு) இன்டர்நெட் அனுமதி இருக்கிறதா?

பதில் 3:
கல்லூரி வைஃபையில் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி அடைத்திருப்பது உண்டு. அப்போது யுஎஸ்பி கேபிளே கைகொடுக்கும். டெர்மினலில் 'ஏடிபி ரிவர்ஸ் டிசிபி:8080 டிசிபி:8080' கட்டளையைக் கொடுத்தால் (ஏடிபி என்பது லேப்டாப்பிலிருந்து ஆண்ட்ராய்டு கருவிக்குக் கட்டளை அனுப்பும் டூல்) போனிலும் லோக்கல்ஹோஸ்ட் வேலை செய்யும். கேபிளைக் கழற்றி மாட்டினால் மறுபடி கொடுக்க வேண்டும். டெமோ அன்று இதைத்தான் பலர் மறக்கிறார்கள்.