இந்த கிராமபோன் சவுண்ட் பாக்ஸ் அசலா, நகலா? பார்த்துச் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. குன்னூரில் இருந்து எழுதுகிறேன். தாத்தா எஸ்டேட்டில் ரைட்டர். பங்களாவைக் காலி செய்தபோது அவருக்குக் கிடைத்த எச்எம்வி 102 பெட்டி கிராமபோன் இன்னும் பாடுகிறது. அதில் ஆரம்பித்த பைத்தியம், இப்போது சவுண்ட் பாக்ஸ் (ஊசியின் அதிர்வை ஒலியாக்கும் வட்டத் தலை) மட்டும் பதினொன்று சேர்ந்துவிட்டது. (வீட்டில் எட்டு என்றுதான் கணக்கு.)

போன வாரம் ஊட்டியில் பழைய சாமான் விற்பவரிடம் 'எக்ஸிபிஷன்' என்று பழைய மாடல் பெயர் எழுதிய ஒன்றை வாங்கினேன். அதிரும் மைக்கா தகடு, பின்னால் ரப்பர் வளையம், எல்லாம் சரிதான். ஆனால் கையில் எடுத்தால் கனமே இல்லை. எழுத்து ஆழமில்லாமல் மழுங்கி இருக்கிறது. அந்த வயசுக்கு ரப்பர் கல்லாக இறுகியிருக்க வேண்டும். இதுவோ அழுத்தினால் அமுங்குகிறது. யாரோ மாற்றியும் இருக்கலாம்.

அந்தக் காலத்திலேயே ஐரோப்பாவில் பலர் எக்ஸிபிஷன் வடிவத்தைப் பார்த்துச் செய்தார்கள். அப்படிப்பட்ட நகல் என்றால் எனக்குச் சந்தோஷமே, அதற்கும் நூறு வயசு இருக்கும். நாய் படம் ஒட்டி இப்போது புதிதாகச் செய்து விற்கிறார்களே, அந்த ரகம் என்றால்தான் வயிற்றெரிச்சல்.

ஊசி பிடிக்கும் தண்டை இரண்டு பக்கமும் தாங்கும் ஸ்பிரிங், திருகு இவற்றைப் பார்த்து வித்தியாசம் சொல்லத் தெரிந்தவர்கள் உதவுங்கள். இன்னொன்று, என்னிடம் உள்ள எச்எம்வி 5ஏ மாடல் சவுண்ட் பாக்ஸின் துத்தநாகக் கலவை உடம்பு உப்பி வெடித்துவிட்டது. அலுமினியத் தகடு நன்றாக இருக்கிறது. மாற்று உடம்பு யாரிடமாவது இருக்கிறதா? கோத்தகிரி, மேட்டுப்பாளையம் பக்கம் என்றால் நேரிலேயே வருகிறேன்.