அம்மா அப்பாவோடு முதல் வெளிநாட்டுப் பயணம், மலேசியா: என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

தண்டையார்பேட்டை மகள்:
தைப்பூசக் கூட்டம் குறைந்ததும் அம்மா அப்பாவைக் கோலாலம்பூர், பினாங்கு கூட்டிப்போக இருக்கிறேன். இருவரும் இதுவரை விமானம் ஏறியதில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். அம்மா எட்டாவது வரைதான் படித்தவர், பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். (வெளிநாட்டு வேலைக்குப் போக அரசு அனுமதி தேவை என்ற குறிப்பு) என்று இருக்கிறது, சர்நேம் கட்டமும் காலி. ஏர்போர்ட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று தெருவில் யாரோ சொன்னதில் இருந்து அம்மாவுக்குச் சரியான தூக்கம் இல்லை. போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர்க்காரன்:
முதலில் அம்மாவை நிம்மதியாகத் தூங்கச் சொல்லுங்க. மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் இ.சி.ஆர். அனுமதி வேண்டும், சுற்றிப்பார்க்கப் போகிறவர்களுக்கு இல்லை. ஆனால் எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்பார்கள், அதனால் ரிட்டர்ன் டிக்கெட், ஹோட்டல் புக்கிங் இரண்டையும் பிரிண்ட் எடுத்து அம்மா கையிலேயே கொடுத்துவிடுங்கள். எல்லாம் உங்கள் போனில் இருந்தால் கவுண்டரில் தனியாக நிற்கும்போது அவர் எதைக் காட்டுவார்?

பெயர் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். காலிக் கட்டத்தைப் பார்த்தால் ஏஜென்ட் தன் இஷ்டத்துக்கு உங்கள் அப்பா பெயரைப் போட்டுவிடுவார். ஒற்றைப் பெயரை எப்படி எழுதுவது என்று விமான நிறுவனத்திடமே கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். 2026 கடைசிவரை, 30 நாள் வரை தங்க விசா தேவையில்லை, ஆனால் போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கிற வெப்சைட் என்றால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

ராயபுரம் செல்வி:
இன்சுலினைச் செக்-இன் பெட்டியில் போடவே போடாதீங்க தங்கச்சி, சரக்கு அறைக் குளிரில் உறைந்துபோனால் அந்த மருந்து வீண். கைப்பையில் வைத்து, மருந்தின் மூலப்பெயர் (கம்பெனிப் பெயர் இல்லை, ஜெனரிக் பெயர்) எழுதிய டாக்டர் சீட்டையும் கூடவே வையுங்கள். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும், ஊசி நேரத்தை எப்படி மாற்றுவது என்று கிளம்புமுன் டாக்டரைக் கேளுங்கள். இன்சூரன்ஸ் எடுக்கும்போது சர்க்கரை இருப்பதை மறைக்காதீர்கள், மறைத்தால் ஆஸ்பத்திரி பில் வரும்போது கையை விரித்துவிடுவார்கள்.

அப்புறம் ஒரு சின்ன வேலை. ஒரு அட்டையில் ஹோட்டல் பெயர், உங்கள் நம்பர், அப்பாவின் மருந்துகள், ரத்த வகை, 'எனக்குச் சர்க்கரை நோய்' என்பதை மலாய், ஆங்கிலம் இரண்டிலும் எழுதி அவர் சட்டைப்பையில் வையுங்கள், கூடவே நாலு குளுக்கோஸ் மாத்திரை. கூட்டத்தில் பிரிந்து, சர்க்கரை இறங்கித் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டால் அவரால் பேச முடியாது. அந்த அட்டைதான் பேசும்.

கிள்ளான் தமிழன்:
இங்கே போலீஸ், ஆம்புலன்ஸ் எல்லாவற்றுக்கும் 999 தான். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் தங்கினால் தமிழிலேயே பேசிச் சமாளிக்கலாம், அம்மாவுக்கு அது பெரிய தெம்பு. தெருவில் நடக்கும்போது கைப்பை சாலைப் பக்கம் தொங்க வேண்டாம், பைக்கில் வந்து இழுத்துக்கொண்டு போவார்கள், பிடித்து இழுத்தால் விட்டுவிடுங்கள், விழுந்தால் இடுப்பு போய்விடும். பத்துமலை முருகன் கோயிலில் 272 படி. வெயில் ஏறுமுன் காலையிலேயே ஏறிவிடுங்கள், பழம் இருக்கும் கவரைக் கையில் ஆட்டிக்கொண்டு போனால் குரங்கு விடாது. பாஸ்போர்ட் தொலைந்தால் போலீஸ் புகார் நகலோடு இந்தியத் தூதரகம் போங்கள், ஊர் திரும்ப எமர்ஜென்சி சர்டிஃபிகேட் கொடுப்பார்கள்.

தண்டையார்பேட்டை மகள்:
அம்மாவிடம் படித்துக் காட்டினேன், 'அப்போ புடவை எடுத்து வைக்கலாமா' என்கிறார்! ரொம்ப நன்றி. சார்ஜர் அங்கே பொருந்துமா? வழியில் சிங்கப்பூரும் ஒரு நாள் பார்க்க ஆசை.

பெரம்பூர்க்காரன்:
பொருந்தாது, மூன்று தட்டைக் கம்பி உள்ள அடாப்டர் வேண்டும், பர்மா பஜாரில் வாங்கிக்கொள்ளுங்கள். பவர்பேங்க் கைப்பையில் மட்டும். சிங்கப்பூருக்கு விசா தனியாக எடுக்க வேண்டும். அம்மா குருமாப்பொடி கட்டினால் அதில் கசகசா இருக்கிறதா என்று பாருங்கள், சிங்கப்பூரில் அதற்குத் தடை.