புதுப்பிப்பு: புதிய .22 அரைத் தானியங்கி ரைஃபிளில் வெற்று உறை சிக்கிய கோளாறு தீர்ந்தது

டர்பனில் வாங்கிய புதிய ரைஃபிளில், பத்துத் தோட்டா சுட்டால் இரண்டு முறையாவது வெற்று உறை வெளியேறாமல் சிக்குகிறது என்று கேட்டிருந்தேன்; வழிகாட்டிய அண்ணன்மார் அனைவருக்கும் நன்றி.

மேகசினை (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) அகற்றி, தோட்டா அமரும் அறை காலியென்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்தபின் போல்ட்டை (அறையைப் பின்புறமிருந்து மூடி, சுட்டதும் பின்னோக்கி நகர்ந்து வெற்று உறையை வெளியேற்றும் பாகம்) கழற்றினேன். தொழிற்சாலையில் பூசிய காப்பு எண்ணெய் அதன் பள்ளங்களில் மெழுகாக உறைந்திருந்தது. துடைத்ததும் கோளாறு பாதியாகக் குறைந்தது. முழுத் தீர்வு தந்தது, ஒலியைவிட மெதுவாகச் செல்லும் தோட்டாவை விட்டு 40 கிரெயின் (குண்டின் எடை அளவு) அதிவேகத் தோட்டாவுக்கு மாறச் சொன்ன யோசனைதான்: இவ்வகை ரைஃபிளில் வெடிப்பின் அழுத்தமே போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளுவதால், வலுக்குறைந்த தோட்டா அதை முழுத்தூரம் நகர்த்துவதில்லை. அதன்பின் சுட்ட 200 தோட்டாக்களில் ஒரே ஒன்றுதான் தகராறு செய்தது.

அந்த ஒன்று நான் எதிர்பாராதது. இரண்டாவது மேகசினின் வாய் விளிம்பு மயிரிழை அளவு உட்புறம் வளைந்திருந்ததால், தோட்டாவின் மூக்கு அறைவாயில் முட்டி நசுங்கியது. அதை நிமிர்த்த முயலாமல், கடையில் கொடுத்து வேறு மேகசின் மாற்றிக்கொண்டேன்.