புதுப்பிப்பு: பத்துமலைப் பக்கம் கிடைத்த எள்ளளவு நத்தை புதிய இனமா?

யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி. சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்தில் அனுமதியுடன் எடுத்த நத்தை ஓடு புதிய இனமா என்று கேட்டிருந்தேன். இல்லை; அது முன்பே பெயரிடப்பட்ட ஓர் இனத்தின் குஞ்சு.

கைகொடுத்தது வாளி யோசனைதான். பாறையடி மண்ணைச் சருகோடு காயவைத்துச் சலித்து, வாளித் தண்ணீரில் கொட்டிக் கலக்கினேன். மண் அடியில் தங்கியது. காற்றடைத்த வெற்று ஓடுகள் மிதந்தன. தேநீர் வடிகட்டியால் அள்ளிக்கொண்டேன். (வீட்டில் இப்போது புது வடிகட்டி.) வாய் விளிம்பு தடித்த, முழு வளர்ச்சியடைந்த ஓடுகள் அதில் இருந்ததால்தான் அடையாளம் தெளிவானது. குஞ்சு ஓட்டைப் படமெடுத்து அனுப்புவது வீண்வேலை.

எதிர்பாராதது ஒன்று. அதே வாளியில், கடைசிச் சுற்று ஓட்டைவிட்டு விலகித் திரும்பும் ஒபிஸ்தோஸ்தோமா என்ற குட்டி நத்தை வகையின் ஓடு கிடைத்தது. படங்களைப் பார்த்த ஆய்வாளர், அறியப்பட்ட இனங்களோடு அது ஒத்துப்போகவில்லை என்கிறார். ஆனால் வெற்று ஓடு மட்டும் அவருக்குப் போதவில்லை. மரபணு ஒப்பீட்டுக்கு ஆல்கஹாலில் பதப்படுத்திய நத்தையும் வேண்டுமாம். புதிய இனம்தான் என்றால், அதை முறையாக அறிவிக்கும் விவரிப்பு அச்சேறும்போது, அந்த இனத்துக்கு அடையாளமாக நிற்கும் ஒரு மூலமாதிரியைக் குறிப்பிட்டு அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும்.

பெயர் என்ன என்று இப்போதே கேட்பவர்களுக்கு: அது விவரிப்பவரின் உரிமை. பேராக்கின் கந்தான் குன்று நத்தை ஒன்றுக்கு, அங்கே கல்லுடைத்த லஃபார்ஜ் சிமெண்ட் நிறுவனத்தின் பெயரையே 2014இல் சூட்டினார்கள்.