கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு: சி சாக்கெட் நிரலில் இன்றும் மனத்தை அரிக்கும் அனுபவங்கள்

(கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு என்பது ஒரு நிரல் இன்னொன்றோடு இணைய முயலும்போது வரும் "இணைப்பு மறுக்கப்பட்டது" என்ற பிழை; சாக்கெட் என்பது அந்த இணைப்பின் முனை. ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

குறிமுள்

சர்வர், அதாவது இணைப்புக்காகக் காத்திருக்கும் நிரல், ஓடிக்கொண்டிருந்தது. "7000 போர்ட்டில் காத்திருக்கிறது" என்ற வரி முனையத்தில் கண்ணெதிரே நின்றது; போர்ட் என்பது இயந்திரத்தில் ஒரு நிரலை எட்டுவதற்கான எண். இணைய முயலும் நிரலான கிளையண்டோ, இணைப்பைக் கோரும் கனெக்டை அழைத்த நொடியிலேயே எர்நோ 111, அதாவது மறுப்பைக் குறிக்கும் பிழை எண்ணோடு, திரும்பி வந்தது. அந்த ஒரு வரியை நம்பி, சர்வரில் பிழை இருக்க வழியே இல்லை என்று முடிவு செய்து, மூன்று மணி நேரம் கிளையண்டையே பிரித்துப் பிரித்து எழுதினேன். இடையிடையே அது சரியாக இணைந்தும் விட்டது. அப்படி இணையும்போதெல்லாம் கடைசியாகச் செய்த திருத்தம்தான் பலன் தந்தது என்று எண்ணுவேன். அடுத்த முறை ஓட்டினால் மீண்டும் 111.

கடைசியில் எஸ்எஸ் கட்டளையை ஓட்டி, எந்த நிரல் எந்தப் போர்ட்டில் காத்திருக்கிறது என்று பார்த்தேன். என் நிரலின் பெயருக்கு நேரே 43817 என்று இருந்தது. அந்த எண்ணை நான் எந்த வரியிலும் எழுதியதில்லை.

நடந்தது இதுதான். என் சர்வர் பதிலை அனுப்பியதும் இணைப்பைத் தானே முதலில் மூடிவிடும். அப்படி மூடிய பக்கத்தில் பழைய இணைப்பு டைம்-வெயிட் என்ற காத்திருப்பு நிலையில் தங்கும். லினக்ஸில் அது 60 விநாடி. அதற்குள் சர்வரை மறுபடி தொடங்கினால், முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்ற பிழையோடு, அதாவது எர்நோ 98 உடன், சாக்கெட்டை அந்தப் போர்ட்டோடு பிணைக்கும் பைண்ட் தோற்கிறது. பைண்ட் திருப்பித் தந்த மதிப்பை நான் பார்க்கவே இல்லை. பைண்ட் ஆகாத சாக்கெட்டில், இணைப்புக்குக் காத்திருக்கச் சொல்லும் லிசனை அழைத்தாலும் லினக்ஸ் மறுப்பதில்லை. தற்காலிகப் போர்ட் ஒன்றைத் தானே எடுத்துக் கொடுத்துவிடுகிறது. ஒரு நிமிடத்துக்குள் திருத்தி ஓட்டினால் தோல்வி, அதற்கு மேல் ஆனால் வெற்றி என்பதன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

அந்த நிலையிலும் முகவரியை மீண்டும் பயன்படுத்தவிடும் ரீயூஸ்அட்ரஸ் விருப்பத்தைச் சேர்த்தேன், பைண்டையும் சோதித்தேன், சிக்கல் தீர்ந்தது. ஆனாலும் அந்த முனைய வரி என்னை விடவில்லை. அதில் நான் அச்சிட்டது நிரலின் தலைப்பில் நானே எழுதி வைத்த மாறிலியை. சாக்கெட்டின் உண்மையான முகவரியைத் தரும் கெட்சாக்நேம் வழியாக, இயங்குதளத்தின் மையமான கர்னலிடம் கேட்டு அச்சிட்டிருந்தால், முதல் நிமிடத்திலேயே 43817 என்று தெரிந்திருக்கும்.

இரட்டைப்படை

என் கதையிலும் ஓர் எண்தான் வருகிறது. சர்வரையும் கிளையண்டையும் நானே சி மொழியில் எழுதியிருந்தேன். போர்ட் எண்ணின் பைட்டுகளை வலையமைப்பின் வரிசைக்கு மாற்றும் எச்டான்ஸ் இரண்டிலும் விடுபட்டிருந்தது. இரு பக்கமும் ஒரே தவற்றைச் செய்ததால் பல மாதங்கள் எந்தக் குறையும் தெரியவில்லை. பிறகு உடன் பணிபுரிபவர் பைத்தானில் ஒரு கிளையண்ட் எழுதி 5000 என்ற போர்ட்டுக்கு இணைக்க முயன்றார். உடனே மறுப்பு வந்தது. அவருடைய நிரல்தான் தவறு என்று நான் உறுதியாகச் சொன்னேன்.

அவர் ஒரு தாளை எடுத்து 5000 என்பதைப் பதினாறடிமான முறையில் 1388 என்று எழுதி, இரண்டு பைட்டுகளை இடம் மாற்றி 8813 என்று கீழே எழுதி, அதைப் பதின்மமாக்கி 34835 என்று கோடிட்டுக் காட்டினார். எஸ்எஸ் பட்டியலில் என் சர்வர் காத்திருந்த போர்ட்டும் அதுவேதான். அவர் வேறொன்றும் சொல்லாமல் அந்தத் தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவரிடம் நான் பேசிய உறுதியான குரல் இன்றும் எனக்கு உறுத்துகிறது.

சுவர்க்காவல்

இத்தனை தூரம் போக வேண்டியதில்லை என்பது என் கருத்து. ரெஃப்யூஸ்டு என்று வந்தால் முதலில் ஃபயர்வாலைப் பாருங்கள். என் இயந்திரத்தில் ஒரு முழு நாள் வீணான பிறகு, ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டைத் திறந்தவுடன் இணைப்பு கிடைத்தது. நிரலில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை.

மெல்லிழை

சுவர்க்காவல் அவர்களின் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை முதல் அறிவுரையாக வைப்பதை ஏற்க இயலவில்லை, ஏனென்றால் அதே அறிவுரையால்தான் நானும் கெட்டேன். என் கதை சிறியது: சர்வர் 127.0.0.1 என்ற, அதே இயந்திரத்துக்குள்ளிருந்தே எட்டக்கூடிய முகவரியில் மட்டும் பைண்ட் ஆகியிருந்தது, கிளையண்ட் வேறொரு இயந்திரத்தில் இருந்தது, நானோ ஃபயர்வாலை முழுவதுமாக அணைத்துவிட்டு அமர்ந்திருந்தேன். அணைத்த பிறகும் அதே மறுப்பு வந்த அந்தக் கணத்தில், இனிப் பார்ப்பதற்கு எதுவுமே இல்லை என்று தோன்றியது. பைண்டில், இயந்திரத்தின் எல்லா முகவரிகளையும் குறிக்கும் இன்அட்ர்-எனி கொடுத்ததும் இணைந்துவிட்டது.

ரெஃப்யூஸ்டு என்பது ஒரு பதில் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கிளையண்டின் கர்னல், இணைப்பைக் கோரும் சின் பொட்டலத்தை அனுப்புகிறது. எதிர்முனை இயந்திரம் உயிரோடு இருந்து, அந்தப் போர்ட்டில் காத்திருப்பவர் யாரும் இல்லையென்றால், ரீசெட் கொடியோடு உடனே பதில் அனுப்புகிறது. அதாவது பாதை இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது, பொட்டலம் போய்ச் சேர்ந்தும் விட்டது. ஃபயர்வால் பொட்டலத்தைச் சத்தமின்றிக் கைவிடும்படி அமைந்திருந்தால் பதிலே வராது. கர்னல் சின்னை மீண்டும் மீண்டும் அனுப்பி, ஒரு நிமிடத்துக்கும் மேல் காத்திருந்துவிட்டு, எர்நோ 110, அதாவது நேரம் கடந்தது என்றுதான் சொல்லும். லினக்ஸின் ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸில் ரிஜெக்ட் என்று விதி எழுதியிருந்தால் மட்டும் போர்ட்டை அடைய முடியாது என்ற ஐசிஎம்பி செய்தி வந்து, கிளையண்டுக்கு அதே 111 கிடைக்கும். சுவர்க்காவல் அவர்கள் சந்தித்தது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையாக இருக்க வேண்டும்.

ஆகவே கனெக்ட் தோற்க எத்தனை நேரம் எடுத்துக்கொண்டது என்பதைக் கவனியுங்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் தோற்றால் சர்வர் எந்த முகவரியில், எந்தப் போர்ட்டில் காத்திருக்கிறது என்று சர்வர் இயந்திரத்திலேயே பாருங்கள். அங்கே எல்லாம் சரியாக இருந்தும் மறுப்பு தொடர்ந்தால், இரு பக்கமும், வந்து போகும் பொட்டலங்களைக் காட்டும் டிசிபிடம்ப் வைத்து, மறுக்கும் பதிலை அனுப்புவது யார் என்று பாருங்கள். அந்தப் பதில் சர்வரிலிருந்தே புறப்படாமல் கிளையண்டை வந்தடைந்தால், இடையிலுள்ள ஏதோ ஒன்று பதில் சொல்கிறது என்று பொருள். பேக்லாக், அதாவது ஏற்கப்படக் காத்திருக்கும் இணைப்புகளின் வரிசை, நிரம்பியதால் மறுப்பு வருகிறது என்று சிலர் லிசனின் இரண்டாவது மதிப்பைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். லினக்ஸின் இயல்பு அமைப்பில் வரிசை நிரம்பினால் சின் கைவிடப்படுகிறதே தவிர மறுக்கப்படுவதில்லை. எனவே அதுவும் நேரம் கடந்த பிழையாகத்தான் வெளிப்படும். இன்னொன்று: கனெக்ட் தோற்றதும் வேறெதையும் அழைப்பதற்கு முன் எர்நோவை ஒரு மாறியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இடையில் ஒரு பிரிண்ட்எஃப் வந்தாலும் அந்த மதிப்பு மாறிவிடக்கூடும். பிறகு பிழையை அச்சிடும் பெர்ரர் சொல்லும் காரணம் வேறெதற்கோ உரியதாக இருக்கும்.

ஆறாம்பதிப்பு

மேலே உள்ள நீண்ட விளக்கம் சரி. ஆனால் "யாரும் காத்திருக்கவில்லை" என்று கண்டதும் சர்வரைத் தேடிப் போவது எனக்கு உதவவில்லை. சர்வர் சரியான போர்ட்டில், இன்அட்ர்-எனி முகவரியில், சரியாகவே காத்திருந்தது. கிளையண்டில் 127.0.0.1 என்று கொடுத்தால் இணைந்தது. லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்தால் மறுப்பு. இரண்டும் ஒன்றுதானே என்று அரை நாள் கழிந்தது. நிரலின் கர்னல் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸ் வைத்து ஓட்டியபோது கனெக்ட் வரியில், ஐபிவி6 முகவரி வகையைக் குறிக்கும் ஏஎஃப்-ஐநெட்6 என்றும் அதன் அருகில், ஐபிவி6-இல் 127.0.0.1-க்கு நிகரான ::1 என்றும் கண்டேன். பெயருக்கு உரிய முகவரிகளைத் தேடித் தரும் கெட்அட்ரின்ஃபோ ஒரு பட்டியலைத் தந்திருந்தது. நான் அதன் முதல் முகவரியை மட்டும் முயன்று, தோற்றதும் நிரலை முடித்திருந்தேன். என் சர்வர் ஐபிவி4 மட்டுமே கேட்பது.

பட்டியல் முழுவதையும் சுற்றி வரும்படி மாற்றியபோது, தோற்ற சாக்கெட்டை மூடிவிட்டு ஒவ்வொரு முகவரிக்கும் புதிய சாக்கெட் உருவாக்கினேன். தோல்விக்குப் பிறகு அந்தச் சாக்கெட்டின் நிலை வரையறுக்கப்படாதது என்று கனெக்டின் கையேட்டுப் பக்கமே சொல்கிறது.

கோப்புத்தடம்

எல்லோரும் போர்ட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு மறுப்பு வந்தது, போர்ட்டுக்குப் பதிலாகக் கோப்புப் பாதையை முகவரியாகக் கொள்ளும் யுனிக்ஸ் டொமைன் சாக்கெட்டில். கோப்பு இருக்கிறது; எல்எஸ் கட்டளை காட்டிய வரியின் முதல் எழுத்து எஸ் என்பதால் அது சாக்கெட்தான் என்பதிலும் ஐயமில்லை; அனுமதிகளும் சரி. ஆனாலும் எர்நோ 111. முந்தைய சர்வரைக் கில் 9 கொடுத்து நிறுத்தியிருந்ததால், நிரல் போன பிறகும் கோப்பு மட்டும் எஞ்சி நின்றிருந்தது. புதிய சர்வரும் அதே பாதையில் பைண்ட் செய்ய முடியாமல் தோற்றது. பைண்டுக்கு முன்னால், கோப்பை நீக்கும் அன்லிங்க் சேர்த்தேன், இரண்டும் சரியாயின.

என்னை உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது. வேறொரு நாள், ஓடிக்கொண்டிருந்த சர்வர் இருப்பதை மறந்து இன்னொன்றைத் தொடங்கிவிட்டேன். நான் சேர்த்த அன்லிங்க் உயிரோடிருந்த சர்வரின் கோப்பை நீக்கிவிட்டு, அதே பெயரில் புதிதாக ஒன்றை உருவாக்கியது. எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. எஸ்எஸ் பட்டியலில் ஒரே பாதை இரண்டு வரிகளில் நின்றது; ஏற்கெனவே இணைந்திருந்த கிளையண்டுகள் பழைய சர்வரோடும், புதியவை புதிய சர்வரோடும் பேசிக்கொண்டிருந்தன. இரண்டும் ஒரே தரவுக் கோப்பில் எழுதின.

இப்போது தொடக்கத்திலேயே தனியாக ஒரு பூட்டுக் கோப்பைத் திறந்து எஃப்லாக் போடுகிறேன். பூட்டு கிடைத்தால் மட்டுமே அன்லிங்க் செய்கிறேன். அன்லிங்குக்கு முன் கனெக்ட் செய்து, மறுப்பு வந்தால் நீக்கலாம் என்ற வழியையும் முயன்றேன். அந்தச் சோதனைக்கும் நீக்கத்துக்கும் இடையில் இன்னொரு சர்வர் புகுந்துவிட வழி இருப்பதால் அதைக் கைவிட்டேன்.

குறிமுள்

இரட்டைப்படை அவர்களின் பதிவைப் படித்ததும் என் பழைய நிரலைத் திறந்து பார்த்தேன். பிறகு நான் சேர்த்திருந்த, கெட்சாக்நேம் தந்த போர்ட்டை அச்சிடும் வரியில், எச்டான்ஸின் மறுதலையான என்டோஹெச்எஸ் விடுபட்டிருந்தது. 7000 என்பதற்கு 22555 என்று காட்டியது. இப்போதுதான் திருத்தினேன்.